கலோமலைப் பட்டியலிலிருந்து அடித்தவர்: வில்லியம் ஹாமண்ட்

நரம்பியல் பாடப்புத்தகங்களில் வில்லியம் அலெக்சாண்டர் ஹாமண்டுக்கு ஒரு வரி கிடைக்கும்: விரல்கள் ஓயாமல் முறுக்கி அசையும் அதெட்டோசிஸ் என்ற நோய்க்குறியை 1871-இல் விவரித்தவர். அமெரிக்க உள்நாட்டுப் போர் வரலாறுகளில் இன்னொரு வரி: ராணுவ நீதிமன்றம் பதவியைப் பறித்த சர்ஜன் ஜெனரல், அதாவது ராணுவ மருத்துவத் துறையின் தலைவர். இருவரும் ஒரே ஆள் என்று சேர்த்துப் படிப்பவர்கள் குறைவு. ராணுவ வரலாறு எழுதுபவர்களுக்கு மூளை பற்றி அக்கறை இல்லை. நரம்பியல்காரர்களுக்கு ஆம்புலன்ஸ் வண்டிக் கணக்கில் அக்கறை இல்லை.

சேர்த்துப் படித்தால் ஒன்று புலப்படும். அமெரிக்காவில் நரம்பியல் தனித் துறையாக எழுந்ததற்குப் பாதிக் காரணம் ஆராய்ச்சி. மீதிப் பாதி அலுவலக நிர்வாகம். ஒரே வகை நோயாளிகளை ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்து சேர்ப்பது, ஒவ்வொருவரையும் நாள்தவறாமல் எழுதி வைப்பது, இறந்தால் உறுப்பை எடுத்துப் பத்திரப்படுத்துவது ஆகிய மூன்றையும் அந்நாட்டு மருத்துவர்களுக்குக் கட்டாயப் பழக்கமாக்கியவர் ஹாமண்ட். அதற்கு அவருக்குக் கிடைத்த காலம் ஏறக்குறைய பதினாறு மாதம்தான்.

1828 ஆகஸ்ட் 28-இல் மேரிலாந்தின் அன்னாபோலிஸில் பிறந்தார். வளர்ந்தது பென்சில்வேனியாவின் ஹாரிஸ்பர்க்கில். நியூயார்க்கில் 1848-இல், இருபது வயதில் மருத்துவப் பட்டம். மறு ஆண்டே ராணுவத்தில் உதவி சர்ஜன். நியூ மெக்சிகோ, கன்சாஸ், ஃபுளோரிடா என்று எல்லைக் கோட்டைகளில் பத்தாண்டுக்கு மேல் கழிந்தது. கோட்டை டாக்டருக்குக் காய்ச்சலும் எலும்பு முறிவும் போக மீதி நேரம் ஏராளம். பலர் அதைச் சீட்டாட்டத்தில் கழித்தார்கள். ஹாமண்ட் பறவை, தவளை, பாம்பு என்று பிடித்துப் பதப்படுத்தி, வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் இருந்த ஸ்பென்சர் பேர்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். மேற்கு அமெரிக்காவின் ஒரு சிறிய ஈப்பிடிப்பானும் ஒரு தேரையும் இன்றும் அவர் பெயரைத் தாங்குகின்றன. பறவைக்குப் பெயர் வைத்தவர், கன்சாஸின் ரைலி கோட்டையில் அவரிடம் வேலை பார்த்த ஹங்கேரியர் ஜான் சான்டஸ்.

இது பொழுதுபோக்குதானே என்று தாண்டிப் போக முடியாது. மாதிரியை எப்படிச் சேகரிப்பது, எதில் ஊறவைப்பது, என்ன சீட்டு கட்டுவது, எங்கே அனுப்புவது என்ற ஒழுங்கு அவர் கையில் ஏறியது இங்கேதான். பின்னால் அதே ஒழுங்கை மனித எலும்புக்கும் வைத்தார்.

கோட்டையில் இருந்தபோதே தன் உடம்பையே சோதனைக்கூடமாக்கினார். ஆல்புமின், மாவுச்சத்து, கோந்து மூன்றையும் தனித்தனியாக, வேறு எதுவும் சேர்க்காமல் உணவாகச் சாப்பிட்டு, உடல் எடை, சிறுநீர், மலம் எல்லாவற்றையும் அளந்து எழுதினார். கோந்து செரிக்காமல் அப்படியே வெளியேறுகிறது, அது உணவே அல்ல என்ற முடிவுக்கு வந்தார். அந்தக் கட்டுரைக்கு 1857-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் பரிசு கிடைத்தது. பிலடெல்பியாவின் சைலஸ் வியர் மிட்சலுடன் சேர்ந்து தென்னமெரிக்க அம்பு விஷங்களை ஆராய்ந்ததும் இதே காலத்தில்தான். அந்த நட்பு பின்னால் ஒரு மருத்துவமனையாக முளைத்தது.

1860-இல் ராணுவத்தை விட்டுப் பால்டிமோரில் உடற்கூறியல், உடலியங்கியல் பேராசிரியர் ஆனார். அடுத்த ஆண்டே போர் வெடித்தது. திரும்பச் சேர்ந்தார், ஆனால் பழைய சேவைக் காலம் கணக்கில் சேரவில்லை. மறுபடி கடைசி வரிசை உதவி சர்ஜன்.

அன்றைய ராணுவ மருத்துவத் துறையின் அளவைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். போர் தொடங்கும்போது ஒரு சர்ஜன் ஜெனரல், 30 சர்ஜன்கள், 83 உதவி சர்ஜன்கள். அதிலும் 24 பேர் தெற்குப் பக்கம் போய்விட்டார்கள். துறைத் தலைவர் தள்ளாத வயதுக்காரர், பணிமூப்பு வழியாக வந்தவர். இந்தத் துறைதான் லட்சக்கணக்கான சிப்பாய்களைக் கவனிக்க வேண்டும். தன்னார்வலர்களின் அமைப்பான சுகாதார ஆணையம் வாஷிங்டனில் முட்டி மோதியது. 1862 ஏப்ரலில் சட்டம் மாறியது. அதே மாதம் 25-இல், பிரிகேடியர் ஜெனரல் பதவியோடு 33 வயது ஹாமண்ட் நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கு மேலே இருந்த மூத்தவர்கள் பல்லைக் கடித்தார்கள். போர்ச் செயலர் எட்வின் ஸ்டாண்டனுக்கும் இந்த நியமனம் பிடிக்கவில்லை. ஹாமண்ட் ஆறடிக்கு மேல் உயரம், கனத்த உடம்பு, முழங்கும் குரல். பணிந்து போகும் குணம் அறவே கிடையாது.

பதவியேற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை. மே 21-இல் இரண்டாம் எண் சுற்றறிக்கை வந்தது. அறுவை சிகிச்சையிலோ பிணப் பரிசோதனையிலோ கிடைக்கும் மதிப்புள்ள மாதிரிகளையும், உடம்பிலிருந்து எடுத்த குண்டுகளையும் சர்ஜன் ஜெனரல் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அவற்றைக் கொண்டு ராணுவ மருத்துவ அருங்காட்சியகம் அமைக்கப்படும். பொறுப்பாளராக ஜான் பிரின்டன் நியமிக்கப்பட்டார்.

போர்க்களத்தில் இதை எப்படிச் செய்வது என்று அடுத்த மாதமே செய்முறை வந்தது. எலும்பில் ஒட்டிய சதையை ஓரளவு வெட்டி எடுத்தால் போதும், சுத்தமாகச் சுரண்ட வேண்டாம். அந்த வேலை வாஷிங்டனில் நடக்கும். துணியில் சுற்றி ஒரு மரத்துண்டைக் கட்ட வேண்டும். மரத்துண்டில் எண்ணும் அனுப்பும் டாக்டரின் பெயரும் பென்சிலால் எழுதியிருக்க வேண்டும். மை என்றால் சாராயத்தில் கரைந்து போகும். மரத்துண்டு இல்லையென்றால் ஈயத் தகட்டில் ஊசியால் கீறலாம். எல்லாவற்றையும் மரப்பீப்பாயில் போட்டு ஆல்கஹாலோ விஸ்கியோ ஊற்ற வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் கெட்டியான உப்புத் தண்ணீர். பீப்பாய் நிறைந்ததும் மூடியடித்து ரயிலேற்ற வேண்டும்.

இதில் எங்கே கோளாறு வரும் என்பதும் சொல்லத் தேவையில்லாதது: விஸ்கி. பீப்பாய்க்கு அனுப்பிய விஸ்கி வழியில் வற்றிப்போனது. சிப்பாய்களிடம் பறிமுதல் செய்த கள்ளச் சரக்கைப் பிரின்டன் அருங்காட்சியகத்துக்கு வாங்கிக்கொண்டார். இன்னொரு கோளாறு, சீட்டு இல்லாத எலும்பு. யாருடையது, எந்தக் குண்டு, எத்தனை நாள் கழித்து வெட்டினார்கள் என்ற விவரம் இல்லாவிட்டால் அது வெறும் எலும்பு. அதனால்தான் ஹாமண்ட் படிவங்களையும் மாற்றினார். அதுவரை மாத அறிக்கையில் இத்தனை பேர் காயம், இத்தனை பேர் சாவு என்ற தொகை மட்டும் இருந்தது. அவர் ஆள்வாரியாகக் கேட்டார்: காயம் எங்கே, எதனால், என்ன சிகிச்சை, என்ன முடிவு. இந்தக் காகிதங்கள்தான் 1870 முதல் 1888 வரை ஆறு பெரிய தொகுதிகளாக அச்சான போர் மருத்துவ வரலாறு.

அருங்காட்சியகத்தின் பிரபலமான உருப்படி ஜெனரல் டேனியல் சிக்கிள்ஸின் வலது கால். 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க்கில் பீரங்கிக் குண்டு பட்டு வெட்டப்பட்டது. சிறு பெட்டியில் வைத்துத் தன் பெயர் அட்டையோடு அவரே அனுப்பிவைத்தார். பின்னாளில் ஆண்டுதோறும் வந்து பார்த்துவிட்டுப் போனாராம். சுற்றறிக்கையை இவ்வளவு சிரத்தையாகப் பின்பற்றியவர் வேறு யாரும் இருக்க முடியாது.

காயம்பட்டவர்களைத் தூக்கும் வேலை அப்போது போக்குவரத்துப் பிரிவின் கையில் இருந்தது. வண்டி ஓட்டுபவர்கள் கூலிக்கு வந்தவர்கள். குண்டுச் சத்தம் கேட்டால் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடினார்கள். 1862 ஆகஸ்ட் இறுதியில் இரண்டாம் புல் ரன் போர் முடிந்து ஒரு வாரம் ஆன பிறகும், 600 பேர் களத்திலேயே கிடக்கிறார்கள் என்று செப்டம்பர் 7-இல் ஹாமண்ட் ஸ்டாண்டனுக்கு எழுதினார். மருத்துவத் துறைக்கென்று தனி ஆம்புலன்ஸ் படை கேட்டார். மறுத்துவிட்டார்கள். ஆனால் அவர் வடக்கின் முக்கியப் படையான பொட்டோமாக் படையின் மருத்துவ இயக்குநராகப் போட்டிருந்த ஜோனதன் லெட்டர்மன், தன் தளபதியிடம் நேரே ஆணை வாங்கியிருந்தார்: ரெஜிமென்ட் ஒன்றுக்கு நான்கு குதிரை வண்டி ஒன்று, இரண்டு குதிரை வண்டி இரண்டு, அவற்றை மருத்துவத் துறையைத் தவிர வேறு யாரும் தொடக் கூடாது. செப்டம்பர் 17-இல் ஆன்டீட்டம். அமெரிக்க மண்ணில் ஒரே நாளில் மிக அதிகமாக ரத்தம் சிந்திய போர். அங்கே காயம்பட்டவர்களைக் களத்திலிருந்து எடுப்பது பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்தது. எல்லாப் படைகளுக்கும் இதைச் சட்டமாக்க 1864 மார்ச் வரை ஆனது. அதற்குள் ஹாமண்ட் குற்றவாளிக் கூண்டில் நின்றுகொண்டிருந்தார்.

நரம்பியலுக்கு இப்போது வருகிறேன். அன்றைய துப்பாக்கியின் மினியே குண்டு 0.58 அங்குலக் குறுக்களவு, 30 கிராமுக்கு மேல் எடை, மெத்தென்ற ஈயம். எலும்பில் பட்டதும் சப்பையாகி எலும்பைத் தூளாக்கும். காயங்களில் பத்தில் ஏழு கை கால்களில். எலும்புக்கு அருகில் ஓடும் நரம்புகள் தப்புவது அரிது. புண் ஆறிவிடும்; கை செத்தது போல் தொங்கும், அல்லது தீப்பற்றியது போல் எரியும். இப்படிப்பட்டவர்கள் ஒவ்வொரு மருத்துவமனையிலும் இரண்டு பேர், மூன்று பேர் என்று சிதறிக் கிடந்தார்கள். பொது வார்டு டாக்டருக்கு அவர்கள் தொல்லை. பொய் சொல்கிறார்கள் என்ற சந்தேகம் வேறு.

ஹாமண்ட் செய்தது எளிய காரியம்தான்: எல்லோரையும் ஓரிடத்துக்கு மாற்று. பிலடெல்பியாவில் முதலில் கிறிஸ்டியன் தெருவில் சில வார்டுகள், பிறகு நகர எல்லையில் டர்னர்ஸ் லேன் மருத்துவமனை, 400 படுக்கை. பொறுப்பில் மிட்சல், ஜார்ஜ் மோர்ஹவுஸ், இளம் டாக்டர் வில்லியம் கீன். உலகில் அதுவரை எந்த மருத்துவரும் ஒரே நேரத்தில் இத்தனை நரம்புக் காயங்களைப் பார்த்ததில்லை. அங்கே எழுதிய குறிப்புகளிலிருந்து 1864-இல் நரம்புக் காயங்களைப் பற்றிய சிறு நூல் வந்தது.

அதில் எரிவலி கண்டவர்களைப் பற்றிய பகுதி இன்றும் படிக்கப் பதற்றம் தருவது. உள்ளங்கையும் பாதமும் சிவந்து, மயிர் உதிர்ந்து, மெருகு பூசியது போல் பளபளக்கும். செய்தித்தாள் சரசரத்தால் வலி கூடும். வார்டில் ஒருவர் நடந்தால், தெருவில் பாண்டு வாத்தியம் போனால் துடித்துப்போவார்கள். ஒரே ஆறுதல் ஈரம். தண்ணீர் பாட்டிலும் பஞ்சும் கையைவிட்டு அகலாது. நடக்கும்போது உராய்வு குறைய வேண்டும் என்று பூட்ஸுக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டவர்கள் இருந்தார்கள். கையில் காயம்பட்டவரும் பூட்ஸை நனைத்தார் என்பது கவனிக்க வேண்டியது: வேறு எந்த இடத்தில் உலர்ந்த தொடுகை பட்டாலும் வலி காயம்பட்ட கையில் ஏறியது. இதற்குத்தான் பின்னால் மிட்சல் காசால்ஜியா என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். இன்று இரண்டாம் வகைச் சிக்கலான பிராந்திய வலி நோய்க்குறி என்று வகைப்படுத்துகிறார்கள். சிகிச்சை, மார்பின் என்ற வலிநீக்கி மருந்தின் ஊசி. வலிக்கும் இடத்துக்கு அருகிலேயே போட்டார்கள்.

பொய் நடிப்பையும் அவர்கள் முறையாகவே அணுகினார்கள். கை மடங்கியபடி நீட்ட வராது என்பவருக்கு ஈதர் என்ற மயக்க மருந்து கொடுப்பார்கள். மயக்கத்துக்கு முன் ஒரு திமிறல் கட்டம் உண்டு. நடிப்பவர் அப்போது தன்னை மறந்து கையை வீசுவார். மயக்கம் தெளியும்போதும் அப்படித்தான். உண்மையில் செயலிழந்த கை அப்போதும் அசையாது. தசை சுருங்கி இறுகிப்போயிருந்தால் ஆழ்ந்த மயக்கத்திலும் நீளாது. மூன்று நிலைகளையும் ஒரே சோதனை பிரித்துவிடும். நடிக்காதவரை நடிப்பவர் என்று களத்துக்குத் திருப்பி அனுப்பாமல் காப்பாற்றியதும் இதே சோதனைதான்.

இந்த மூவரின் புகழுக்குப் பின்னால் ஹாமண்டின் கையெழுத்து இருப்பது மறந்துபோனது. மிட்சல் நல்ல எழுத்தாளர் வேறு. அவர் பக்கம் வெளிச்சம் போனதில் வியப்பில்லை.

இனி கலோமல். மெர்க்குரஸ் குளோரைடு, சுவையற்ற வெள்ளைப் பொடி. அந்தக் காலத்துப் பேதி மருந்து, காய்ச்சல் மருந்து, கல்லீரல் மருந்து, என்னவென்று தெரியாத நோய்க்கும் மருந்து. ஒரு வேளை கொடுத்தால் பெரும்பாலும் பேதியோடு போய்விடும். திரும்பத் திரும்பக் கொடுத்தால் பாதரசம் உடம்பில் ஏறும். முதலில் வாயில் உலோகச் சுவை, எச்சில் ஒழுகல். பிறகு ஈறு வீங்கும், பல் ஆடும், வாய் நாறும். கடைசியில் கன்னம் அழுகி ஓட்டை விழும். கொடுமை என்னவென்றால், எச்சில் ஒழுகுவதையே மருந்து பிடித்துவிட்டதற்கு அடையாளமாகப் பல டாக்டர்கள் எடுத்துக்கொண்டார்கள். காய்கறி காணாத உணவால் ஏற்கனவே ஈறு கெட்டிருந்த சிப்பாய்க்கு, அதுவும் வயிற்றுப்போக்கில் உடம்பு நீர் வற்றிக் கிடப்பவனுக்கு, இன்னும் பேதியாக்கும் பாதரசம்! வாந்தியெடுக்க வைக்கும் டார்ட்டர் எமெடிக் கூடவே வரும். அது ஆன்டிமணி உப்பு, இதயத்தையும் தளர்த்தும்.

களத்திலிருந்து வந்த அறிக்கைகளில் வாய் அழுகிய நோயாளிகள் தொடர்ந்து தென்பட்டார்கள். 1863 மே 4-இல் ஆறாம் எண் சுற்றறிக்கை: இரண்டு மருந்தும் வழங்கல் பட்டியலிலிருந்து நீக்கம். பாதரசம் கெட்டது என்று அறிவுரை சொல்லி யாரும் கேட்கப் போவதில்லை என்று அவருக்குத் தெரியும். பட்டியலில் இல்லாத மருந்தைக் கேட்டு எழுதினால் கிடங்கு அனுப்பாது. அதுதான் சூட்சுமம்.

கிளம்பியதே எதிர்ப்பு. அடுத்த மாதம் சிகாகோவில் கூடிய அமெரிக்க மருத்துவச் சங்கம் கண்டித்தது. மருந்தைத் தேர்ந்தெடுக்கும் டாக்டரின் உரிமையில் அலுவலகம் கைவைப்பதா என்பது ஒரு பக்கம். பாதரசத்தைத் தூற்றும் போலி வைத்தியர்களுக்கு அரசே சான்றிதழ் கொடுத்துவிட்டது என்ற எரிச்சல் இன்னொரு பக்கம். என் கணக்கில் ஹாமண்ட் விஷயத்தில் சரி, விதத்தில் தவறு. கைவசம் இருந்த அறிக்கைகளை எண்ணிக்கையாகத் தொகுத்து வெளியிட்டிருந்தால் வாதம் வேறு மாதிரி போயிருக்கும். சுற்றறிக்கையில் எண்ணற்ற பேர் என்றுதான் இருந்தது. எத்தனை பேர் என்று இல்லை. ஆள்வாரிக் கணக்கு கேட்டவரே கணக்கு காட்டவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது கரும்பு தின்னக் கூலி.

ஸ்டாண்டன் 1863 செப்டம்பரில் அவரைத் தெற்கே ஆய்வுப் பயணம் என்று அனுப்பிவிட்டு ஜோசப் பார்ன்ஸைப் பொறுப்பில் உட்கார வைத்தார். விசாரணைக் குழு ஒன்று கொள்முதல் கணக்கைக் கிளறியது. ஒன்று பதவியில் திரும்ப உட்கார வையுங்கள், இல்லாவிட்டால் விசாரணை நடத்துங்கள் என்று ஹாமண்டே கேட்டார். 1864 ஜனவரி முதல் மே வரை ராணுவ நீதிமன்றம். மருந்து, போர்வை போன்றவற்றை வாங்க வேண்டியவர் கொள்முதல் அதிகாரி. அவரைத் தாண்டி இன்னாரிடம் வாங்கு என்று ஹாமண்ட் ஆணையிட்டார் என்பது குற்றச்சாட்டின் மையம். பிலடெல்பியா கொள்முதல் அதிகாரியை மாற்றியதற்கு ஜெனரல் ஹாலெக் கேட்டதால்தான் என்று பொய்க் காரணம் எழுதினார் என்பது இன்னொன்று. அவசரத்தில் விதியைத் தாண்டினார் என்பது உண்மையாகவே தெரிகிறது. ஆனால் தண்டனை: ஆகஸ்ட் 18-இல் பணிநீக்கம், அரசில் இனி எந்தப் பதவியும் வகிக்கத் தகுதியில்லை. லிங்கன் ஒப்புதல் அளித்தார். போர் முடிந்தபோது வடக்கில் 204 பொது மருத்துவமனைகளும் 1,36,894 படுக்கைகளும் இருந்தன. அந்த அமைப்பை நிறுவியவர்களில் முதன்மையானவர் நியூயார்க்கில் நண்பர்களிடம் கைமாற்று வாங்கி வீடு பிடித்துக்கொண்டிருந்தார்.

ராணுவம் துரத்தியது நரம்பியலுக்கு லாபம். நியூயார்க்கில் நரம்பு நோயாளிகளை மட்டும் பார்ப்பேன் என்று பலகை மாட்டினார். ஒரு துறையை மட்டும் பார்ப்பதாகச் சொல்பவரை அப்போது சக டாக்டர்கள் ஏறக்குறையப் போலியாகத்தான் நினைத்தார்கள். பெல்வ்யூ மருத்துவக் கல்லூரியில் மனநோய், நரம்பு நோய்ப் பேராசிரியர் பதவி வந்தது. மேசையில் அவர் வைத்திருந்த கருவிகளே அந்தத் தொழில் எப்படி நடந்தது என்று சொல்லும். கைப்பிடி வலுவை எண்ணாகக் காட்டும் டைனமோமீட்டர், விழித்திரையைப் பார்க்கும் கருவி, பேட்டரி, பிறகு எஸ்தீசியோமீட்டர் என்ற இருமுனைக் கவராயம். நோயாளி கண்ணை மூடிக்கொள்ள, இரண்டு முனையையும் ஒரே அழுத்தத்தில் வைத்துக் குறுக்கிக்கொண்டே போக வேண்டும். எந்த இடைவெளியில் இரண்டு முனை ஒன்றாகத் தோன்றுகிறதோ அதுவே அளவு. விரல் நுனியில் ஏறக்குறைய 2 மி.மீ., முதுகில் 50 மி.மீ.க்கும் மேல். ஒரு முனை சற்று முன்னால் பட்டாலும் அளவு பொய்யாகிவிடும். அதனால் இடது, வலது இரண்டு பக்கமும் எடுத்து ஒப்பிட்டால்தான் பயன்.

1871-இல் அவருடைய நரம்பு நோய்ப் பாடநூல் வந்தது. அமெரிக்கர் எழுதிய முதல் நரம்பியல் பாடநூல் இதுவே. ஒன்பது பதிப்பு கண்டது, பிரெஞ்சிலும் வந்தது. அதில்தான் அதெட்டோசிஸ். முதல் நோயாளி 33 வயதுப் புத்தகம் பைண்டு செய்பவர். குடிப்பழக்கம் உண்டு, வலிப்பும் வந்திருந்தது. வலது கையிலும் காலிலும் விரல்கள் ஓயாமல், மெதுவாக, முறுக்கி முறுக்கி அசைந்துகொண்டே இருந்தன. வைத்த நிலையில் நிற்கவில்லை. தூக்கத்திலும் ஓயவில்லை. மனத்தை இறுக்கினால் கணநேரம் நிறுத்தலாம், மறு கையால் மணிக்கட்டைப் பிடித்தால் கொஞ்சம் அடங்கும். இடைவிடாத வேலையால் வலது முன்கைத் தசை இடதைவிடப் பருத்திருந்தது.

இந்தப் பருமன் முக்கியமான தடயம். பக்கவாதத்தில் கை மெலியும், இங்கே வளர்ந்திருக்கிறது. ஆக நரம்புத் தொடர்பு அறுபடவில்லை, கட்டுப்பாடுதான் குலைந்திருக்கிறது. கொரியா (chorea) என்ற இன்னொரு அசைவு நோயில் அசைவு வெடுக்கென்று இடம் மாறும்; இதில் ஊர்ந்து போகும். மூளையின் ஆழத்தில் உள்ள கார்பஸ் ஸ்ட்ரையாட்டத்தில்தான் கோளாறு இருக்க வேண்டும் என்று, நோயாளி உயிரோடு இருக்கும்போதே ஹாமண்ட் ஊகித்து எழுதினார். பாரிஸின் நரம்பியல் மேதை ஷார்கோ ஏற்கவில்லை. பக்கவாதத்துக்குப் பின் வரும் கொரியாவின் ஒரு வகை, அவ்வளவே என்றார். லண்டனில் கோவர்ஸும் ஏறத்தாழ அதே பக்கம். 1890-இல் அதே நோயாளியின் மூளையை ஹாமண்டின் மகன் கிரேம் ஹாமண்ட் நரம்பியல் சங்கத்தில் காட்டினார். மூளையின் ஆழத்தில் உள்ள தலாமஸ், இன்டர்னல் கேப்ஸ்யூல், லென்டிக்குலர் நியூக்ளியஸ் ஆகிய பகுதிகள் வரை புண் பரவியிருந்தது. ஊகம் பெரும்பாலும் பலித்தது. ஆனால் ஷார்கோவும் முழுத் தவறு இல்லை. இன்று இரண்டு அசைவும் கலந்து வருவதைத்தான் டாக்டர்கள் அதிகம் பார்க்கிறார்கள். பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலை கட்டுக்கடங்காமல் ஏறி மூளையின் இதே பகுதியைத் தாக்கினாலும் இந்த அசைவு வரும்.

கிரேம் ஹாமண்ட் பற்றி ஒரு துணுக்கு: நரம்பியல் டாக்டரான இவர், 1912 ஒலிம்பிக்கில் 54 வயதில் வாள்வீச்சில் இறங்கினார்.

பாடநூலில் இன்னொரு இடம் இப்போது அதிகம் பேசப்படுகிறது. கடும் மனவெறியில் இருப்பவருக்கு லித்தியம் புரோமைடு கொடுக்கலாம் என்றும், 60 கிரெய்ன் அல்லது அதற்கும் மேல் என்ற பெரிய அளவில் கொடுக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். மனவெறிக்கு லித்தியத்தை முதலில் எழுதிக் கொடுத்தவர் என்று இதனால் சொல்கிறார்கள். 60 கிரெய்ன் என்பது ஏறக்குறைய 3.9 கிராம். அதில் உள்ள லித்தியம் 45 மில்லிமோல். இன்று நாளொன்றுக்குக் கொடுக்கும் 900 முதல் 1,200 மில்லிகிராம் லித்தியம் கார்பனேட்டில் இருப்பது 24 முதல் 32 மில்லிமோல்தான். ரத்தத்தில் அளவு பார்க்காமல் இதைத் தொடர்ந்திருந்தால் நஞ்சாகியிருக்கும். தூக்கம் வந்ததும் அளவைக் குறைத்ததால் தப்பியிருக்கிறார்கள். மேலும், ஹாமண்டுக்கு லித்தியத்தின் மீது நம்பிக்கையே இல்லை. வேலை செய்வது, அன்று அமைதிப்படுத்தும் மருந்தாக இருந்த புரோமைடு என்றுதான் நினைத்தார். பொட்டாசியம் புரோமைடைவிட லித்தியம் புரோமைடில், எடைக்கு எடை, புரோமைடு அதிகம்; அதனால் அதை விரும்பினார். சரியான மருந்து, தவறான காரணம். லித்தியத்தை லித்தியமாகவே மனவெறிக்குக் கொடுத்துப் பார்த்த ஜான் கேடின் கட்டுரை ஆஸ்திரேலியாவில் 1949-இல்தான் வந்தது.

புரோமைடிலும் ஒரு பொறி இருந்தது. உடம்பிலிருந்து பாதி வெளியேறவே ஏறக்குறைய 12 நாள் ஆகும். தினமும் மூன்று வேளை கொடுத்தால் வாரக்கணக்கில் ஏறிக்கொண்டே போகும். முகப்பரு, மந்தம், தள்ளாட்டம், குழப்பம். சிறுநீரகம் புரோமைடையும் குளோரைடையும் ஒன்றுபோல நடத்துவதால், உப்பு குறைத்துச் சாப்பிடுபவருக்கு இன்னும் சீக்கிரம் ஏறும்.

1874 டிசம்பரில் ஹாமண்டும் வேறு ஆறு பேரும் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று பல ஊர் டாக்டர்களுக்குப் போனது. 1875 ஜூனில் நியூயார்க்கில் அமெரிக்க நரம்பியல் சங்கம் கூடியது. தலைமைக்கு மிட்சலைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் மறுக்க, சிகாகோவின் ஜுவெல் தலைவரானார். ஹாமண்டின் முறை 1882-இல் வந்தது. இடையில் பழைய வழக்கையும் விடவில்லை. 1878-இல் காங்கிரஸ் மறு ஆய்வுக்குச் சட்டம் இயற்றியது. 1879 ஆகஸ்டில் அதிபர் ஹேய்ஸ் தண்டனையை ரத்து செய்து, ஓய்வுபெற்ற பிரிகேடியர் ஜெனரல் என்று பட்டியலில் சேர்த்தார். சம்பளம் கிடையாது. அதை அவரும் கேட்கவில்லை.

ஆவியுலக ஊடகர்களையும், பல ஆண்டுகள் பட்டினி கிடப்பதாகச் சொன்ன பெண்களையும் நோக்கி இவர் விட்ட சவால்கள் பத்திரிகைகளில் பெரிய செய்தி. கண்காணிப்பில் வைத்துச் சாப்பிடாமல் இருந்து காட்டட்டும் என்றார். 1879-இல் அதைப் பற்றி நூலே எழுதினார். அப்படிப்பட்டவர் 1888-இல் வாஷிங்டன் போய்ச் சொந்தமாக ஒரு பெரிய சிகிச்சை நிலையம் கட்டிய பிறகு செய்ததுதான் நெருடுகிறது. மாட்டு மூளையைத் துண்டு துண்டாக்கி, போரிக் அமிலக் கரைசல், கிளிசரின், ஆல்கஹால் சேர்ந்த கலவையில் மாதக்கணக்கில் ஊறவைத்து வடித்து, செரிப்ரின் என்று பெயரிட்டார். இதயத்திலிருந்து கார்டின், விதைப்பையிலிருந்து டெஸ்டின். சில துளி ஊசியாகப் போட்டால் அந்தந்த உறுப்பு தேறும் என்று 1893-இல் எழுதினார். ஒரு கம்பெனி அவர் பெயரைப் போட்டே விற்றது. உடலியங்கியல் அறிஞர் பிரவுன்-செக்கார் 1889-இல் பாரிஸில் கிளப்பிய உறுப்புச் சாறு ஊசி அலை இது. தைராய்டு சுரப்பிச் சாறு உண்மையிலேயே வேலை செய்வதும் அதே காலத்தில் தெரியவந்ததால், மற்ற உறுப்புகளுக்கும் நம்பிக்கை பரவியதில் அதிசயமில்லை. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கச் சாதாரணத் தண்ணீர் ஊசி போட்ட ஆள் ஒருவர்கூட ஹாமண்டின் கட்டுரையில் கிடையாது. பட்டினிப் பெண்ணுக்குக் கேட்ட கண்காணிப்பைத் தன் மருந்துக்கு அவர் கேட்கவில்லை. ஊருக்குத்தான் உபதேசம்.

1900 ஜனவரி 5-இல் வாஷிங்டனில் மாரடைப்பில் இறந்தார். ஆர்லிங்டன் ராணுவக் கல்லறையில் புதைத்தார்கள். அவர் தொடங்கிய அருங்காட்சியகம் இப்போது மேரிலாந்தின் சில்வர் ஸ்பிரிங்கில் இயங்குகிறது. சிக்கிள்ஸின் கால் எலும்பு அங்கேதான் இருக்கிறது. போர் மருத்துவ வரலாற்றின் ஆறு தொகுதிகளும் இணையத்தில் கிடைக்கின்றன. நரம்புக் காயங்களில் ஆர்வம் உள்ளவர்கள் 1883-இல் வந்த அறுவைத் தொகுதியின் மூன்றாம் பகுதியிலிருந்து தொடங்கலாம். சிப்பாயின் பெயர், ரெஜிமென்ட், குண்டு பட்ட நாள், வெட்டிய நாள், முடிவு என்று ஒவ்வொன்றும் ஹாமண்ட் கேட்ட வரிசையில் அங்கே இருக்கிறது.